ஆவியாகித் திரும்பும் நிக்கல்

உலோகத்தைச் சுத்தம் செய்வது என்றாலே உலை, தீ, கசடு என்றுதான் மனம் போகும். வேல்ஸில் உள்ள கிளைடாக்கில் 1902 முதல் வேறு வழி. அங்கே நிக்கல் உருகுவதே இல்லை. கற்பூரம்போல் ஆவியாகிறது, கற்பூரம் திரும்பாது, இது திரும்பி வந்து உலோகமாகப் படிகிறது.

வழி பிறந்ததே ஒரு தொல்லையால். லுட்விக் மோண்டின் சோடா ஆலையில் நிக்கல் வால்வுகள் அரித்துப்போயின. காரணம் தேடிய அவரும் உடனிருந்தவர்களும் சூடான நிக்கல் தூளின்மீது கார்பன் மோனாக்சைடை ஓட்டினார்கள். வெளியேறும் வாயு நஞ்சாயிற்றே என்று அதைக் கொளுத்திவைத்தார்கள். தூள் ஆற ஆற, மங்கலான நீலச் சுடர் திடீரென ஒளிர்ந்தது. வாயு போகும் கண்ணாடிக் குழாயைச் சூடாக்கினால் உள்ளே முகம்பார்க்கும் கண்ணாடிபோல் பளபளவென்று ஒரு பூச்சு! ஆர்செனிக் கலப்போ என்றுகூடச் சந்தேகப்பட்டார்கள். சோதித்தால், நிக்கல். 1890இல் அறிவித்தார்கள்.

ஒரு நிக்கல் அணுவை நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள் சூழ்ந்தால் நிக்கல் கார்பனைல். 43 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். நான்கு வாயு மூலக்கூறுகள் ஒன்றாகச் சுருங்குவதால், அழுத்தம் கூடினால் கட்டு இறுகும், வெப்பம் கூடினால் அவிழும். இந்த இழுபறியில்தான் எனக்கு மயக்கம். 50, 60 டிகிரியில் சேர்ந்தது 200ஐ ஒட்டிப் பிரிகிறது. கோபால்ட் இந்தச் சூட்டில் வாயுவோடு கிளம்பாது. தூய்மை அப்படித்தான் வருகிறது. சூட்டைக் கண்டபடி ஏற்றினால் மோனாக்சைடே உடைந்து கரியைப் படியவைக்கும். கைப்பக்குவம் வேண்டிய வேலை.

நிக்கல் கார்பனைல் கொடிய நஞ்சு. தூரத்தில் நின்றே ரசிக்க வேண்டிய அழகு.

இரும்பு முரட்டுப் பிள்ளை. அதைக் கார்பனைலாக்க நூறு வளிமண்டலத்துக்கு மேல் அழுத்தம் கேட்கும்; அவிழ்க்கச் சூடும் சாதாரண அழுத்தமும் போதும். சூடான கலத்தின் உள்வெளியில் அணுக்கள் மூடுபனிபோல் திரண்டு, சில மைக்ரான் அளவு உருண்டைகளாக விழும். ரேடியோச் சுருள்களின் நடுவே வைத்த இரும்புக் கருவுக்கு இந்தத் தூளைத்தான் அழுத்தினார்கள்.

கிளைடாக்கின் நிக்கல் குண்டுமணிகளோ சூடான கலத்தில் திரும்பத் திரும்பச் சுற்றிவந்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு படலம் பூசிக்கொண்டு பருக்கின்றன. ஒன்றைக் குறுக்கே அறுத்து மெருகிட்டுப் பாருங்கள்: நடுவில் சிறு மணி, அதைச் சுற்றி வெங்காயம்போல் வளையத்துக்குள் வளையம்.