பழைய பாறைக்கு மறுவாழ்வு

புதுச்சேரியில் கடல்நீர் மீன் தொட்டி வைக்க நினைப்பவருக்குக் கடல் நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது, பாறைதான் கிடைப்பதில்லை. கடற்கரைச் சாலையோரம் அலைக்குத் தடுப்பாகக் கொட்டியிருக்கும் கருங்கற்கள் குவாரியில் உடைத்தவை. அவற்றில் துளை இல்லை, நீரைச் சுத்திகரிக்கும் பாக்டீரியா உள்ளே குடியேற வழியில்லை. துளை நிறைந்த பவளப் பாறையைக் கடலிலிருந்து எடுக்கவும் கூடாது. 2001 ஜூலையில் பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்துவிட்டன. அதற்கு நியாயமும் உண்டு: சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டப்பட்ட மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி என்ற இரு தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன.

ஆகவே, கைவிட்ட தொட்டியின் பாறையைக் கழுவி மறுபடி பயன்படுத்தும் வழக்கத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் 'பழசு' என்ற பெயரில் கடலில் புதிதாக வெட்டியதும் கைமாறலாம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பவளப் பாறையை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. சிமென்டில், பீங்கானில் செய்த துளைப் பாறைகளே மறுபயன்பாட்டுக்குக் கவலையில்லாதவை.

கழுவும் முறைகளில் ஆசிட்டுக்குத்தான் இங்கே செல்வாக்கு அதிகம். நுரை பொங்கும், பாறை வெளுக்கும், வேலை முடிந்ததாகத் தோன்றும். மேல்தோலோடு அதில் ஒட்டிய பாஸ்பேட்டும் போவது உண்மைதான். ஆனால் கரைவது சுண்ணாம்பே; பாறையும் தேய்கிறது, உள்துளைகளில் அடைந்த மக்கு அப்படியே இருக்கிறது. சில மாதம் கழித்து புதுத் தொட்டியில் பச்சைப்பாசி மண்டுவதற்குப் பெரும்பாலும் அந்த மிச்சமே காரணம். சிமென்ட் பாறையென்றால் ஆசிட் அதன் பிணைப்பையே தின்றுவிடும். ப்ளீச் நீரில் சில நாள் ஊறவைப்பது மெதுவான வழி என்றாலும் அழுகிய உயிர்ப்பொருளை உள்வரை சிதைக்கிறது. பிறகு நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, ஹைப்போ போட்டு மிச்சக் குளோரினை முறித்து, நம்மூர் வெயிலில் காயவைத்தால் போதும். ஆசிட்டையும் ப்ளீச்சையும் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். கழிவறை கழுவும் ஆசிட்டும் ப்ளீச்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கொதிக்கவைப்பதை முற்றிலும் கைவிட வேண்டும். பாறையில் ஒட்டி வளரும் சோவாந்திட் வகை உயிரிகள் சிலவற்றில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஹவாயில் கிடைத்த ஓர் உயிரியிலிருந்து 1971இல் பிரித்தெடுத்தார்கள். வெந்நீரில் அது அழியாது. ஆவியோடு மூச்சில் ஏறும். 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் தொட்டி சுத்தம் செய்தபோது ஒரு குடும்பமும், உதவிக்கு வந்த மீட்புப் பணியாளர்களும் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உலர்ந்த பாறையை பிரஷால் தேய்ப்பதும் ஆபத்தே. கையுறை, கண்ணாடியோடு, ஈரத்திலேயே, ப்ளீச்சில் ஊறிய பிறகே தொட வேண்டும்.

பழைய பாறையை மறுபடி பயன்படுத்தும் வழக்கத்தின் பெரிய குறை அவசரம். ப்ளீச் அழுக்கோடு நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடுகிறது. சுத்தமான பாறை என்பது உயிரற்ற பாறை. உப்புநீரில், வெளிச்சமில்லாமல், நீரோட்டத்தோடு வாரக்கணக்கில் வைத்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு இறங்கும்வரை சோதிக்க வேண்டும். மீனுக்கு நோய் வந்து காப்பர் மருந்து போட்ட தொட்டியின் பாறை என்றால் இந்தப் பாடு எதுவும் உதவாது. சுண்ணாம்பு உறிஞ்சிய செம்பு மெல்லக் கசிந்து இறால், நத்தை, பவளத்தைக் கொல்லும். அந்தப் பாறையை மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு ஒதுக்கலாம்.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதை அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஊரின் பெரிய வாய்க்காலில் சேர்வது கடைசியில் கடலுக்குத்தான் போகும். கடலைக் காக்கவே பழைய பாறையை எடுப்பவர், குளோரினை முறிக்காமல், ஆசிட்டைச் சோடா மாவு போட்டு நுரை அடங்கும்வரை தணிக்காமல் ஒரு வாளியைக்கூடச் சாக்கடையில் கவிழ்க்கக் கூடாது.