வேட்பு என்றொரு சொல்

முதலாண்டு மாணவிகளுக்குப் பயன்பாட்டுத் தமிழ் வகுப்பில் விண்ணப்பம், மனு, உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றை நடத்த வேண்டியிருந்தது. பாடநூல் மாதிரிகள் எனக்கே சலித்துப் போயிருந்தன. 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் நின்றவர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள் சிலவற்றைத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்து, படியெடுத்துக் கொடுத்தேன். படிவம் 26 என்று அதற்குப் பெயர். சொத்துக் கணக்கைப் பார்த்து வாய்பிளப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். பின்வரிசையிலிருந்து ஒருத்தி முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“மேம், இன்னாரோட மகன், மகள், மனைவின்னு மூணுதான் போட்டிருக்கு. ஆம்பளைங்க ‘இன்னாரோட புருஷன்’னு எழுத இடமே இல்லையே?”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். இருபது ஆண்டுகளாகப் படிவங்களில் ‘க/பெ’ என்று எழுதிவரும் எனக்கு அந்தக் கேள்வி அதற்கு முன் தோன்றியதில்லை. தந்தை பெயருக்கு ‘த/பெ’, கணவர் பெயருக்கு ‘க/பெ’. மனைவி பெயருக்கு ‘ம/பெ’ என்றொரு சுருக்கம் தமிழில் உருவாகவே இல்லை. வேட்புமனுவான படிவம் 2பி கொஞ்சம் தாராளமானது. தந்தை, தாய், கணவர் மூவருக்கும் அதில் இடமுண்டு. மனைவிக்கு அங்கும் இல்லை.

இந்தப் பத்திரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நிற்பவரின் வழக்குகள், சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை அறிய வாக்காளருக்கு உரிமை உண்டு என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பயன் இது. ஆனால் இலக்கியம் படித்தவள் எதையும் பிரதியாகத்தான் வாசிப்பாள். பிரதியாக வாசித்தால், ஒரு வேட்பாளர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்ற கற்பனை இதற்குள் இருக்கிறது. அவருக்கு ஒரு ‘துணைவர்’ பத்தி உண்டு, ‘சார்ந்திருப்போர்’ பத்திகள் உண்டு. நாங்கள் வாசித்த ஆண்களின் பத்திரங்களில் துணைவரின் தொழில் பெரும்பாலும் ‘இல்லத்தரசி’. அதே இல்லத்தரசியின் பத்தியில் நகையும் நிலமும் வரிசையாக வரும். வருமானம் இல்லை, உடைமை மட்டும் இருக்கிறது. அந்த நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ அவருக்கு அதிகாரம் உண்டா என்பதைச் சொல்லும் பத்தி எதுவும் இல்லை. வேட்பாளர் தெருத்தெருவாக வாக்குக் கேட்கப் போனபோது வீட்டில் உலை வைத்தது யார் என்பதற்கும் பத்தி இல்லை.

‘வேட்பாளர்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஒரு தலைமுறைக்கு முந்தைய பத்திரிகைகளில் ‘அபேட்சகர்’ என்று எழுதினார்கள். அபேட்சை என்றாலும் வேட்பு என்றாலும் விருப்பம்தான். ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் வெள்ளை உடுத்தியவரைக் குறிக்கும். ரோமில் பதவி கேட்டு வந்தவர்கள் வெளுத்த அங்கி அணிந்து வந்தார்களாம். நம் ஊர் வெள்ளை வேட்டி சட்டைக்கு அந்தச் சொல் பொருந்தும். தமிழ்ச் சொல் உடையைப் பேசவில்லை, மனதைப் பேசுகிறது. வேட்பாளர் என்றால் விரும்புகிறவர். எனக்கு இந்தப் பதவி வேண்டும் என்று பலர் முன்னால் சொல்லத் துணிந்தவர்.

வேட்பும் வேட்கையும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை. வேட்கையைப் பற்றித் தொல்காப்பியத்தின் களவியல் என்ன சொல்கிறது என்று தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். தன் வேட்கையைத் தலைவன் முன்னால் வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் தலைவிக்கு இல்லை. புதுப்பானையில் ஊற்றிய நீர் புறத்தே கசிவதைப்போல அது தெரியலாம் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். அதாவது விருப்பம் இருக்கலாம், கசியலாம், வாக்கியமாகக் கூடாது. இது அகத்திணை இலக்கணம், தேர்தலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கட்சி அலுவலகங்களில் பெண்களைப் பற்றிப் பேசப்படும் பேச்சைக் கேட்டவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். சீட்டுக் கேட்கும் ஆண் ‘உழைத்தவர்’. சீட்டுக் கேட்கும் பெண்ணுக்கு ‘ஆசை’. “தலைமை சொன்னது, நின்றேன்” என்று ஆணும் சொல்வதுண்டு. அது அடக்கமாகக் கேட்கிறது. பெண் அப்படிச் சொல்லாவிட்டால் அடங்காதவள்.

விளைவை எண்ணிப் பார்க்கலாம். 2021 சனவரியில் வெளியான பட்டியல்படி தமிழகத்தில் பெண் வாக்காளர் ஏறத்தாழ 3 கோடியே 18 லட்சம், ஆண்கள் 3 கோடியே 8 லட்சம். அந்தத் தேர்தலில் 234 தொகுதிகளில் வென்ற பெண்கள் 12 பேர். 2016இல் 21 பேர் இருந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியானது. நாம் தமிழர் கட்சி 117 பெண்களை நிறுத்தியது, ஒருவரும் வெல்லவில்லை. வெல்லும் நிலையில் இருந்த தி.மு.க. நேரடியாக நின்ற 173 இடங்களில் பெண்களுக்குத் தந்தது 12. திருவள்ளூர் மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளிலும் வென்றவர்கள் ஆண்கள்.

அவற்றுள் ஒன்றான கும்மிடிப்பூண்டிதான் சட்டமன்றத் தொகுதிப் பட்டியலில் வரிசை எண் 1. அந்தத் தொகுதியிலிருந்து 1957இல் காங்கிரஸின் கமலாம்புஜம்மாள் சட்டமன்றம் சென்றார். 1991இல் அ.தி.மு.க.வின் சக்குபாய் சென்றார். அதன் பிறகு 2021 வரை இடைத்தேர்தல் உட்பட ஒரு பெண்ணும் வெல்லவில்லை. இந்த முப்பதாண்டுகளில்தான் சிப்காட் வளர்ந்தது. விடியற்காலையில் சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலையோரம் கம்பெனிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்களைப் பார்க்கிறேன். அவர்களில் சிலர் என் மாணவிகளின் அம்மாக்கள். வேலைக்குப் போனால் பெண் அதிகாரம் பெறுவாள் என்று மேடைகளில் நாம் சொன்னது இந்தத் தொகுதியில் பாதிதான் பலித்திருக்கிறது. ஷிப்ட்டுக்குப் பெண் வேண்டும், சீட்டுக்கு வேண்டாம்.

பெண்கள் விரும்பவில்லை, அதனால் நிற்கவில்லை என்பார்கள். இதே வட்டாரத்தின் தேர்வாய் கண்டிகையில் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்ச்சல் நிலத்தைத் தொழிற்பூங்காவுக்கு எடுத்தபோது, பெரும்பாலும் தலித்துகள் வாழும் அந்த ஊரின் பெண்கள் போராட்டத்தின் முன்னால் நின்றார்கள். பூங்கா வந்தது, டயர் ஆலை வந்தது. ஆனால் ‘வேண்டாம்’ என்று அவர்கள் சொன்னது பதிவானது. திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டா, குடிநீர், முதியோர் உதவித்தொகை என்று மனுவைச் சுருட்டிப் பிடித்தபடி வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பெண்கள்! தெருவுக்காக, பிள்ளைக்காக, ஊருக்காக மனு எழுதத் தெரிந்தவர்கள் அவர்கள். மனு அவர்களுக்குப் பழகிய சொல். அதன் முன்னால் ‘வேட்பு’ சேரும்போதுதான் வாசல் அடைபடுகிறது.

இடஒதுக்கீடு அந்த வாசலைத் திறக்கும். அதில் எனக்கு ஐயமில்லை. திறந்த பிறகும் என்ன நடக்கும் என்பதற்குக் கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தின் ஆத்துப்பாக்கம் சாட்சி. அந்த ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமிர்தம், தலித் பெண். 2020 சுதந்திர தினத்தன்று தேசியக்கொடி ஏற்ற அவரை விடவில்லை. செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்த பிறகு, மாவட்ட நிர்வாகம் தலையிட்டு ஆகஸ்ட் 20 அன்று அவர் கொடியேற்றினார். சட்டம் அவருக்குப் பதவியைக் கொடுத்தது. கயிற்றைத் தொடும் கை யாருடையது என்பதைச் சாதியும் ஆண்மையும் சேர்ந்து ஐந்து நாள் தள்ளிப்போட்டன. பெண் என்று பொதுவாகப் பேசும்போது நாம் மறந்துவிடும் ஒன்று இதில் இருக்கிறது: எல்லாப் பெண்களுக்கும் விருப்பம் ஒரே விலையில் கிடைப்பதில்லை.

இன்னொரு சாட்சி கவிஞர் சல்மா. வீட்டுக்குத் தெரியாமல், புனைபெயரில், பெண்ணின் வேட்கையை எழுதியவர். துவரங்குறிச்சியில் உள்ளாட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, குடும்பத்துக்கு ஒரு பெண் வேட்பாளர் தேவைப்பட்டதால்தான் அவர் வெளியே வர முடிந்தது. 2006இல் மருங்காபுரி சட்டமன்றத் தொகுதியில் நின்று தோற்றார். 2025இல் மாநிலங்களவை சென்றார். கவிதையில் அவர் சல்மா. அரசியலில் கணவர் பெயரோடு ரொக்கையா மாலிக் என்றும் அறியப்பட்டார். ‘பினாமி’ என்று நாம் ஏளனம் செய்யும் பெண் பிரதிநிதிகளைப் பற்றி அவசரமாகத் தீர்ப்பெழுதக் கூடாது என்று அவரிடமிருந்து கற்றுக்கொண்டேன். இன்னொருவர் விருப்பத்துக்காக நின்றவர், நின்ற இடத்தில் தன் விருப்பத்தைக் கண்டெடுக்கக்கூடும்.

சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 106ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 2023இல் நிறைவேறியது. அதன் நடைமுறையை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் முடிச்சுப் போட்டார்கள். ஆனால் ஒரு கட்சி தன் பட்டியலில் பெண்களைச் சேர்ப்பதற்கு எந்தக் கணக்கெடுப்பும் தேவையில்லை. படிவத்தின் ஒரு வரியைத் திருத்தத் தொகுதி மறுவரையறை தேவையில்லை. ‘மகன்/மகள்/மனைவி’ என்பதோடு ‘கணவர்’ என்று சேர்த்தால் போதும். அல்லது உறவே கேட்காமல் பெயரை மட்டும் கேட்கலாம். இதெல்லாம் சின்ன விஷயம் என்பவர்களுக்கு, சின்ன விஷயம்தானே, செய்துவிட்டுப் போங்களேன் என்பதே என் பதில்.

அந்த வகுப்பின் முடிவில் எல்லோரையும் ஒரு வேட்புமனு எழுதச் சொன்னேன். தொகுதி கும்மிடிப்பூண்டி, வேட்பாளர் அவரவர்தான். பலர் தந்தை பெயர் எழுதினார்கள். ஒருத்தி சிப்காட்டில் ஒப்பந்த வேலைக்குப் போகும் தன் அம்மாவின் பெயரை எழுதியிருந்தாள். “இருபத்தஞ்சு வயசு ஆகணுமே மேம், இன்னும் ஏழு வருஷம் இருக்கு” என்றாள் கேள்வி கேட்ட அந்தப் பெண். விளையாட்டாகச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அதற்குள் குனிந்து, முகவரியை எழுதிக்கொண்டிருந்தாள்.