கியர்பாக்ஸை இறக்கும் முன் இந்த ஸ்கேனரை மாட்டிப் பாருங்கள்

பழைய ஆட்டோமேட்டிக் காரில் கியர் மாறத் தாமதமானால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழுவது "கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்திடலாம் சார்" என்பதுதான். செகண்ட்ஹேண்டில் வாங்கிய என் நாலு கியர் செடானுக்கும் அதையே சொன்னார்கள். டாப் கியர் விழவேண்டிய வேகத்தில் விழாமல் இன்ஜின் அலறிக்கொண்டே ஓடும். டாஷ்போர்டில் கோளாறு விளக்கு எதுவும் எரியவில்லை. சம்மதம் சொல்வதற்கு முன், காரின் கம்ப்யூட்டரில் இருக்கும் தகவல்களைப் போனில் காட்டும் ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனரை வாங்கி மாட்டினேன்.

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் டப்பா அது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் புளூடூத்தை இணைத்தால் வேலை முடிந்தது. உள்ளே இருப்பது இஎல்எம்327 சிப், அல்லது அதன் நகல். சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவை எல்லாமே நகல்கள்தான். அவற்றிலும் தர வித்தியாசம் உண்டு. 'வி2.1' என்று அச்சிட்டு வருபவற்றில் பல, மூலச் சிப்புக்குத் தெரிந்த கட்டளைகளில் சிலவற்றை விழுங்கிவிடும். பழைய கார்களோடு பேசவே திணறும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து 'வி1.5' வாங்குவது நல்லது. ஆண்ட்ராய்டுக்கு டார்க் ப்ரோ ஆப் போதும். ஐபோன் வைத்திருப்பவர்கள் புளூடூத் எல்இ அல்லது வைஃபை உள்ள ஸ்கேனரும், கார் ஸ்கேனர் என்ற ஆப்பும் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் காரில் இது வேலை செய்யுமா? இந்தியாவில் ஓபிடி-1 விதி 2010 ஏப்ரலிலும், ஓபிடி-2 விதி 2013 ஏப்ரலிலும் வந்தன. அதற்கு முந்தைய கார்களில் சாக்கெட் இருக்கலாம், பொது மொழியில் பதில் சொல்லாமலும் போகலாம். கடைக்காரரிடம் உங்கள் காரிலேயே மாட்டிக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

ஸ்கேனரைத் தொடுவதற்கு முன்பே தெளிவாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கியர் தாமதம் என்று நாம் சொல்வதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. 'என்'னிலிருந்து 'டி'க்குத் தள்ளியதும் வண்டி பிடிக்காமல் இரண்டு மூன்று நொடி சும்மா நின்று, பிறகு 'டொக்' என்று இழுத்தால் அது ஒரு வகை. ஆயில் குறைவு, அடைத்த ஃபில்டர், தேய்ந்த சீல் என உள்ளே பிரஷர் ஏறாததே பெரும்பாலும் காரணம். இதற்கு இந்த ஸ்கேனர் அதிகம் உதவாது. கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். கண்ணாடி போன்ற சிவப்பு நல்லது. பழுப்பேறிக் கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் எரிகின்றன. இளஞ்சிவப்பில் பால் கலந்ததுபோல் இருந்தால் ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது. அந்த வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள்.

இரண்டாவது வகைதான் என் காரில் இருந்தது. வண்டி உடனே பிடிக்கும், மேல் கியருக்கு மட்டும் போக மறுக்கும். ஆயில் சிவப்பாகவே இருந்தது. இந்த இடத்தில்தான் ஸ்கேனர் தன் விலைக்குப் பல மடங்கு உழைத்தது.

பலர் இதில் ஃபால்ட் கோடை மட்டும் படித்துவிட்டுக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். பி0700 வந்தால் 'கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது' என்று மட்டும் பொருள்; எது என்பதை அது சொல்லாது. என் காரில் அதுவும் இல்லை, கோடே இல்லை. லைவ் டேட்டாதான் பேசியது. பழைய கார்களில் கே-லைன் என்ற மெதுவான இணைப்பு இருக்கும். பத்துப் பதினைந்து அளவுகளை ஒன்றாகக் கேட்டால் திரை நொண்டும். ஆர்பிஎம், வேகம், த்ராட்டில், கூலன்ட் சூடு ஆகிய நான்கை மட்டும் வைத்துக்கொண்டு, பதிவை ஓடவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினேன். ஓட்டும்போது போனைப் பார்க்க வேண்டியதில்லை, பார்க்கவும் கூடாது. வீட்டுக்கு வந்து கிராஃபைப் பிரித்துப் பார்த்தால் போதும்.

70 கி.மீ. வேகத்தில் ஆர்பிஎம் 2,600. டாப் கியரில் அது 1,900-க்குள் இருந்திருக்க வேண்டும். அதாவது வண்டி மூன்றாவது கியரிலேயே ஓடியிருக்கிறது. த்ராட்டில் கோடு நடுக்கமில்லாமல் ஏறி இறங்கியது, ஆகவே த்ராட்டில் சென்சார் மேல் சந்தேகமில்லை. வேகக் கோடும் எங்கும் அறுபடவில்லை. மிச்சமிருந்தது கூலன்ட். 90 டிகிரியை ஒட்டி நிற்க வேண்டிய அது திறந்த சாலையில் 60-க்கு இறங்கிவிட்டது. சிக்னல் நெரிசலில் நின்றபோது 80-ஐத் தாண்டியது. நெரிசலைத் தாண்டிய பிறகு கொஞ்ச நேரம் டாப் கியர் ஒழுங்காக விழுந்திருப்பதும் கிராஃபில் தெரிந்தது.

இன்ஜின் சூடாகும் வரை டாப் கியரையும் டார்க் கன்வெர்ட்டர் லாக்-அப்பையும் தள்ளிப்போடும்படி பல ஆட்டோமேட்டிக் கார்களில் நிரல் இருக்கிறது. அந்தச் சூட்டைக் காப்பது தெர்மோஸ்டாட் வால்வு; அது இல்லாத இன்ஜின் காற்று அடிக்க அடிக்கக் குளிர்ந்துகொண்டே போகும். நம் ஊரில் 'இந்த வெயிலுக்கு இது எதுக்கு' என்று வால்வைக் கழற்றிப் போட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஹவுசிங்கைத் திறந்தபோது உள்ளே வால்வே இல்லை, காலியாகக் கிடந்தது. முந்தைய கைகளில் யாரோ எடுத்திருக்கிறார்கள். புதிய வால்வும் கேஸ்கெட்டும் போட்டுக் கூலன்ட் நிரப்பினோம். அடுத்த பதிவில் சூடு 90-ஐ ஒட்டி நேர்கோடாக நின்றது, டாப் கியர் தன் வேகத்தில் விழுந்தது. குற்றம் சாட்டப்பட்ட கியர்பாக்ஸ் தனக்கு வந்த தகவலுக்குச் சரியாகவே கீழ்ப்படிந்திருக்கிறது.

குறைகளும் உண்டு. கியர் ஆயிலின் சூடு, சோலினாய்டு நிலை போன்றவை பொதுப் பட்டியலில் வராது; உங்கள் மாடலுக்கான புரொஃபைல் ஆப்பில் இருந்தால்தான் தெரியும். ஆயில் பிரஷரைப் பார்க்க ஒர்க்‌ஷாப் கேஜ்தான் வழி. இன்னொன்று, டப்பாவைச் செருகியபடியே வாரக்கணக்கில் நிறுத்தினால் பேட்டரி இறங்கும். ஒவ்வொரு முறையும் கழற்றிவிடுங்கள்.

பத்து வயதைத் தாண்டிய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் முதலில் ஆயிலின் நிறத்தையும், பிறகு ஓட்டத்தில் எடுத்த கூலன்ட், த்ராட்டில், வேகப் பதிவையும் காட்டிப் பேசுங்கள். அவற்றைப் பார்க்காமல் இறக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.