வரமும் நெஞ்சமும்

எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்களாம் என்பது தொல்காப்பியர் கருத்து. இவற்றுள் பேதைமையையும் எள்ளலையும் ஒருங்கே கொண்டு இயலும் கதையமைப்பு ஒன்று மேலைநாட்டுத் திரைப்படங்களிற் காணப்படுகின்றது. எளியன் ஒருவனுக்கு இறையாற்றல் கைவருமாயின் அவன் யாது செய்வான் என்பதே அது. இவ்வகைப் படங்கள் வெறும் வேடிக்கை என ஒதுக்கப்படுதலும் உண்டு. அக்கருத்து எத்துணைப் பொருந்தும் என்பதை இரு படங்கள் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, எச். ஜி. வெல்சு 1898-இல் வெளியிட்ட சிறுகதையினின்றும் தோன்றி, 1936-இல் இங்கிலாந்திலிருந்து வெளிவந்த 'அற்புதங்கள் செய்ய வல்லவன்' என்னும் பொருளுடைய தலைப்புக் கொண்ட படம். இயக்கியவர் இலோதர் மெண்டிசு. மாந்தர் நெஞ்சில் உள்ளது யாது எனக் காண விரும்பும் விண்ணவர் ஒருவர், துணிக்கடைப் பணியாளனாகிய பாதரிங்கே என்பானுக்கு ஆற்றலை வழங்குகின்றார். அவனோ தன் பேறு அறியாது, அற்புதம் என்பது யாதென மதுவிடுதியில் வாதிடுங்கால், விளக்கைத் தலைகீழாக எரியச் செய்துவிடுகின்றான். நகை இப்பேதைமையிற் பிறக்கின்றது.

எனினும் இப்படத்தின் உயிர்நிலை பிறிதோரிடத்தில் உள்ளது. தான் விரும்பிய பெண்ணைத் தன்பால் அன்பு கொள்ளுமாறு அவன் ஆணையிடுகின்றான், ஆணை பலிக்கவில்லை. பொருளனைத்தும் அவன் சொற்கு அடங்கும், நெஞ்சம் அடங்காது. இதனைக் கதையை வளர்த்தற்கு வேண்டிய தடை எனக் கொள்வார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. படத்தின் இறுதியில் அவன் உலகத் தலைவர்களையெல்லாம் தன் முன் வருவித்து, நல்லுலகம் ஒன்றினை அன்றே அமைக்குமாறு பணிக்கின்றான். அவர்தம் உடலை வருவிக்க இயன்றதேயன்றி உள்ளத்தை மாற்ற இயன்றிலது. பொழுது சாய்கின்றது. நெஞ்சை மாற்ற மாட்டாதவன் பொழுதை நிறுத்த முனைந்து, நிலவுலகின் சுழற்சியை நிற்கப் பணிக்கின்றான். மாளிகையும் மாந்தரும் காற்றில் வீசியெறியப்படுகின்றனர். எனவே, பெண்ணிடத்துத் தோன்றிய சிறு தோல்வியே ஈண்டுப் பேரழிவாக வளர்ந்தது என்பது தெளிவு. எல்லாவற்றையும் முன்போல் ஆக்கித் தன் ஆற்றலையும் அவன் துறக்கின்றான்.

மனிதன் இன்னும் விலங்கே என விண்ணவருள் ஒருவர் இகழ்கின்றார். இத்தீர்ப்பு நடுநிலையுடையதன்று. வணிகரும் பொருளாளரும் அவ்வாற்றலை ஊதியத்திற்கு ஆக்க விழைந்தனர். சமயத் தலைவரோ பொற்காலத்தை உடனே வேண்டினார். அறிவு கூறியோர் குறையைக் கடைப்பணியாளன் ஒருவன் தலையிற் சுமத்துதல் முறையன்று.

இரண்டாவது, தாம் சேடியாக்கு இயக்கத்தில் 2003-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'புரூசு ஆல்மைட்டி'. பபலோ நகரத் தொலைக்காட்சிச் செய்தியாளன் ஒருவன் கடவுளைப் பழித்து, அவர் ஆற்றலையே பெறுகின்றான். மாந்தர் தம் விருப்புரிமையில் தலையிடலாகாது என்னும் விதியைக் கடவுளே முன்னர் அறிவித்துவிடுகின்றார். முன்னைய படத்தில் பட்டறிந்த உண்மை இதன்கண் சட்டமாகச் சுருங்கிற்று. வேண்டுதல் அனைத்திற்கும் அவன் இசைய, பரிசுச்சீட்டில் வென்றோர் பலராகி ஒவ்வொருவரும் சிறுதொகையே பெற்றுச் சினக்கும் பகுதி மிக நன்று. ஒருவர் விருப்பம் மற்றவர் விருப்பத்தை அழிக்கும் என்பதனை நகையாலே நிறுவுகின்றது.

ஆயினும் குறை ஒன்று உண்டு. காதலியை மகிழ்விக்க அவன் திங்களை அருகே இழுத்தமையால் சப்பானில் வெள்ளம் நேர்கின்றது. அது செய்தியாக ஒலித்து மறைகின்றது. படம் அதனை மீண்டும் எண்ணவேயில்லை. ஒருவன் திருந்திக் காதலியை அடைதலோடு எல்லாம் நிறைவுறுகின்றது.

தொழில்நுட்பத்தாற் பிந்தியது சிறக்கலாம். ஆற்றலின் விளைவைப் பிறர் துன்பத்தோடு சேர்த்து அளந்தமையால் முந்தியதே உயர்ந்தது என்பது எம் துணிபு. நகைத்தபின் அஞ்சவும் வைப்பது அது.