வெட்டும் உரிமையும் விற்கும் உரிமையும்

‘ஸ்னோபியர்சர்’ படத்தில் ரயில்பெட்டிச் சண்டை மூள்வதற்குச் சற்று முன், முகமூடி அணிந்த அடியாட்கள் ஒரு மீனைக் கோடரியால் கிழிக்கும் காட்சி வரும். கதைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. பார்ப்பவரின் வயிற்றைப் பிசையும், அவ்வளவுதான். அமெரிக்க விநியோக உரிமையை வாங்கிய ஹார்வி வைன்ஸ்டீன் அதைத் தூக்கச் சொன்னார். இயக்குநர் போங் ஜூன்-ஹோ ஒரு பொய் சொன்னார்: என் அப்பா மீனவர், இந்தக் காட்சி அவருக்குச் செய்யும் காணிக்கை. குடும்பப் பாசம் என்றதும் வைன்ஸ்டீன் இறங்கி வந்தார். மீன் பிழைத்தது. போங்கின் அப்பாவுக்கும் மீன்பிடித் தொழிலுக்கும் சம்பந்தமே கிடையாது என்பதைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு பேட்டியில் போங்கே சொன்னார்.

படம் முழுக்க இப்படிப் பொய் சொல்லி மீட்க முடியாதல்லவா. சுமார் இருபது நிமிடத்தை வெட்ட வேண்டும் என்று வைன்ஸ்டீன் நின்றார். இத்தனைக்கும் கொரியாவின் சிஜே நிறுவனம் பணம் போட்ட படம் அது; கிறிஸ் எவன்ஸும் டில்டா ஸ்வின்டனும் நடித்து, பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பேசும் படம். 2013இல் கொரியாவில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பார்த்துவிட்டிருந்தார்கள். முன்னோட்டக் காட்சிகளில் வெட்டிய பிரதியைவிட வெட்டாத பிரதியையே ரசிகர்கள் விரும்பியதால் போங் ஜெயித்தார். ஆனால் 2014 ஜூனில் அமெரிக்காவில் படம் முதலில் வெளியானது வெறும் எட்டு அரங்குகளில். வெட்டும் உரிமையை விட்டுக்கொடுத்த கை, விற்கும் உரிமையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கொரிய, அமெரிக்கக் கேளிக்கைத் தொழில்களின் கூட்டு இன்றுவரை இந்த இரண்டு உரிமைகளுக்கு நடுவில்தான் இழுபடுகிறது என்பது என் கணிப்பு.

பழைய பகை ஒன்றும் இதற்குப் பின்னால் உண்டு. 1980களின் இறுதியில் அமெரிக்க நிறுவனங்கள் கொரியாவில் நேரடியாகப் படம் விநியோகிக்க அனுமதி கிடைத்தபோது, அந்தப் படங்கள் ஓடிய சியோல் அரங்குகளுக்குள் கொரியத் திரைத்துறையினர் பாம்புகளை அவிழ்த்துவிட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். 1994இல் அதிபரிடம் போன ஓர் அறிக்கை, ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரு படத்தின் வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார்களின் விற்பனைக்குச் சமம் என்று கணக்குப் போட்டது. (ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் நமக்குப் பழகிய அதே ஹூண்டாய்தான்.) அடுத்த ஆண்டே, சர்க்கரை ஆலையாகத் தொழில் தொடங்கிய சிஜே, ஸ்பீல்பெர்க்கின் புதிய நிறுவனமான ட்ரீம்வொர்க்ஸில் 30 கோடி டாலர் முதலீடு செய்தது. முதலில் பணத்தோடு போனது கொரியாதான் என்பதை இன்றைய பேச்சில் பலரும் மறந்துவிடுகிறார்கள். அந்த முதலீட்டை முன்னின்று நடத்திய மிக்கி லீ, 2020இல் போங்கின் ‘பாரசைட்’ சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியபோது மேடையேறிப் பேசினார். இடையில் இருபத்தைந்து ஆண்டுகள். கூட்டணி என்றால் அத்தனை பொறுமை வேண்டியிருந்தது. அதே காலத்தில், அமெரிக்காவோடு வர்த்தக ஒப்பந்தம் பேசத் தொடங்குவதற்கு விலையாக, அரங்குகள் கொரியப் படத்தைக் கட்டாயம் ஓட்ட வேண்டிய நாட்கள் 2006இல் ஆண்டுக்கு 146இலிருந்து 73ஆகக் குறைக்கப்பட்டன. நடிகர்கள் தெருவில் இறங்கினார்கள். அரசு அசையவில்லை.

2016இல் நெட்ஃபிளிக்ஸ் கொரியாவுக்குள் வந்தபோது ஆட்டம் மாறியது. போங்கின் ‘ஓக்ஜா’வுக்குச் சுமார் 5 கோடி டாலரையும் இறுதிப் பிரதி முழுக்க முழுக்க இயக்குநருடையது என்ற வாக்கையும் அது சேர்த்தே கொடுத்தது. இறைச்சிக்கூடக் காட்சிகளைப் பார்த்து மற்ற படநிறுவனங்கள் தயங்கிய கதை அது. 2017 கான் விழாவில் நெட்ஃபிளிக்ஸ் பெயர் திரையில் வந்ததும் கூச்சல் எழுந்தது. கொரியாவின் பெரிய அரங்கத் தொடர்கள் படத்தை எடுக்கவே மறுத்தன. ஆனால் மீனுக்காகப் பொய் சொல்ல வேண்டியிருந்த மனிதருக்கு இங்கே யாரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சியிலும் அப்படியே. எழுத்தாளர் கிம் யூன்-ஹீ 2011 முதலே மனதில் வைத்திருந்த, அரசர் காலத்து ஜாம்பிக் கதையைக் கொரிய அலைவரிசைகளின் தணிக்கைக்கும் பட்ஜெட்டுக்கும் உள்ளே அடக்க முடியவில்லை. 2019இல் நெட்ஃபிளிக்ஸில் ‘கிங்டம்’ ஆனது. ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எழுதி, எழுதிய கையோடு படம்பிடித்து, இரவு பகலாக எடிட் செய்து அனுப்பும் கொரியத் தொடர்களின் பழைய வழக்கமும், எல்லாவற்றையும் முடித்துவிட்டு மொத்தமாக வெளியிடும் முறையால் தளர்ந்தது. இவை சின்ன விஷயங்கள் அல்ல. அமெரிக்கப் பணம் கொரியக் கலையைக் கெடுத்துவிட்டது என்று பொத்தாம்பொதுவாகப் புலம்புகிறவர்கள் இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

சரி, கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது? ஹ்வாங் டாங்-ஹ்யூக் ‘ஸ்குவிட் கேம்’ கதையை 2008 வாக்கில் எழுதத் தொடங்கினார். பத்தாண்டுகள் எந்தக் கொரியத் தயாரிப்பாளரும் தொடவில்லை. கையில் காசில்லாமல் மடிக்கணினியை விற்று எழுத்தை நிறுத்திய காலமும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் எடுத்தது. படப்பிடிப்பின் அழுத்தத்தில் ஆறு பற்களை இழந்ததாக அவர் சொன்னார். 2021 செப்டம்பரில் வெளிவந்த ஒன்பது பாகங்களுக்கு ஆன செலவு 2 கோடியே 14 லட்சம் டாலர். ப்ளூம்பெர்க் வெளியிட்ட நெட்ஃபிளிக்ஸின் உள் ஆவணங்கள், அந்தத் தொடரால் நிறுவனத்துக்குக் கிடைத்த மதிப்பை 89 கோடியே 11 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டிருந்தன. ஹ்வாங்குக்கு ஒப்பந்தத் தொகை மட்டும். வெற்றிக்கென்று தனியாக எதுவும் வரவில்லை என்று அவரே சொன்னார்.

இந்த வகை ஒப்பந்தத்தில் தளம் செலவு முழுவதையும் தருகிறது, அதன் மேல் ஒரு சிறு விழுக்காட்டை லாபமாகத் தருகிறது, பதிலுக்கு உலக உரிமை மொத்தத்தையும் எழுதி வாங்கிக்கொள்கிறது. வீடு கட்டிய மேஸ்திரிக்குக் கூலி உண்டு, வாடகையில் பங்கில்லை என்ற ஏற்பாடு. நெட்ஃபிளிக்ஸ் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை: பத்தாண்டுகள் ஊரில் யாரும் வாங்காத கதைக்கு முழுப்பணம் போட்டவர்கள், தோற்றிருந்தால் நஷ்டமும் அவர்களுடையதுதான். முதல் பருவத்துக்கு இந்த வாதம் செல்லும். அதன் பிறகு வந்த உடை, பொம்மை, விளையாட்டு, நிஜப்போட்டி நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் அதையே நீட்டுவதைத்தான் ஏற்க முடியவில்லை. இரண்டாம் பருவத்தை எடுக்கச் சம்மதித்ததற்குப் பணமும் ஒரு காரணம், முதல் பருவத்தில் பெரிதாக ஒன்றும் சம்பாதிக்கவில்லை என்று ஹ்வாங் பிபிசியிடம் ஒளிக்காமல் சொன்னார். ஒரே பருவத்தோடு நிறைவாக முடிந்திருக்கக்கூடிய கதை மூன்று பருவங்களாக இழுத்ததில் இந்த ஒப்பந்தத்துக்கும் பங்கு உண்டு. இங்கே கணக்குப் பிழை கலைப் பிழையாகவே மாறிவிடுகிறது.

அந்தக் கலைப் பிழையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். முதல் பருவத்தில், கொரிய ஏழைகள் ஒருவரோடொருவர் பேசும் காட்சிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை இருக்கும். கோலி விளையாடும் பாகத்தில் கிழவரும் நாயகன் கி-ஹூனும் பேசுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தங்க முகமூடி போட்ட வெளிநாட்டுச் செல்வந்தர்கள் வந்து ஆங்கிலம் பேசத் தொடங்கியதும் எல்லாம் அட்டைப் பொம்மையாகிவிடுகிறது. காட்சியின் பின்னணியே தெரியாமல் வசனம் பேச வேண்டியிருந்தது என்று நடித்தவர்களே சொன்னார்கள். மூன்றாம் பருவத்திலும் அந்தக் குறை தீரவில்லை. கொரியர்களின் வறுமையை நகக்கண் வரைக்கும் அறிந்த எழுத்து, எதிரே நிற்கும் பணக்கார அந்நியனை மட்டும் கேலிச்சித்திரமாக விட்டுவிட்டது. ஆசியர்களை ஹாலிவுட் காலமெல்லாம் அப்படித்தானே வரைந்தது, பதிலுக்குப் பதில் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நிறுவனம் செய்தது இன்னும் மோசம். கடனில் மூழ்கியவர்களை விளையாட வைத்துக் கொல்லும் கதையை எடுத்து, 2023இல் 456 பேரை இங்கிலாந்தின் ஒரு பெரிய கொட்டகைக்குள் நிறுத்தி, 45 லட்சத்து 60 ஆயிரம் டாலர் பரிசுக்கு நிஜமாகவே மோதவிட்டது. குளிரில் மணிக்கணக்கில் அசையாமல் நிற்க வைத்தார்கள் என்று போட்டியாளர்கள் சிலர் புகார் சொன்னார்கள். கதையை விமர்சனமாக எழுதியவரிடம் உரிமை இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்பதுகூட வீண்தான், ஏனென்றால் அவரிடம் அது இல்லை. 2025 ஜூனில் வந்த இறுதிப் பருவத்தின் கடைசிக் காட்சியில் லாஸ் ஏஞ்சலஸ் சந்து ஒன்றில் கேட் பிளாஞ்செட் காகிதச் சீட்டு அடித்து விளையாடுகிறார். நாடகத்தின் முடிவாக அது எனக்குத் தெரியவில்லை, அடுத்த கிளைக்குத் திறப்பு விழாவாகத்தான் தெரிந்தது.

எதிர்ப்புறத்தில் வைக்க ‘பச்சிங்கோ’ இருக்கிறது. ஆப்பிள் பணத்தில், கொரிய அமெரிக்கரான சூ ஹ்யூ உருவாக்கி, 2022இல் வந்த தொடர். கொரியன், ஜப்பானியம், ஆங்கிலம் மூன்றும் பேசுகிறது. கொரிய வசனத்துக்கு மஞ்சளிலும் ஜப்பானியத்துக்கு நீலத்திலும் துணைத்தலைப்புப் போட்டார்கள். ஒரே வாக்கியத்துக்குள் ஒருவர் மொழி மாறினால் எழுத்தின் நிறமும் மாறும். ஜப்பானில் பிழைக்கப்போன கொரியக் குடும்பம் எந்த இடத்தில் தன் மொழியை விழுங்குகிறது என்பது கண்ணுக்கே தெரியும். இரண்டு பக்கத்தையும் உள்ளிருந்து அறிந்தவர்கள் எழுத்து மேசையில் உட்கார்ந்தால் கிடைப்பது இது.

‘கேபாப் டீமன் ஹன்டர்ஸ்’ கணக்கை மேலும் குழப்புகிறது. சியோலில் பிறந்து கனடாவில் வளர்ந்த மேகி காங்கும் கிறிஸ் ஆப்பல்ஹான்ஸும் இயக்கி, சோனியின் அமெரிக்க அனிமேஷன் கூடம் தயாரித்து, 2025இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த படம். உணவகத்தில் கரண்டியையும் குச்சிகளையும் வைப்பதற்கு முன் மேசையில் ஒரு காகிதத் துணியை விரிக்கும் பழக்கம் வரைக்கும் சியோல் அதில் இருக்கிறது. நாட்டுப்புற ஓவியத்துப் புலியும் பறவையும் இருக்கின்றன. ‘கோல்டன்’ பாட்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கொரியத் தேசிய அருங்காட்சியகக் கடையில் புலி பொறித்த வில்லைகள் விற்றுத் தீர்ந்தன. அவ்வளவும் கொரியா, படத்தின் உரிமையில் மட்டும் கொரிய நிறுவனம் எதற்கும் பெயரில்லை. வேடிக்கை என்னவென்றால், தயாரித்த சோனிக்கே முன்பே பேசி முடித்த தொகைதான் கிடைத்தது, வெற்றியின் பெரும்பகுதி தளத்துக்குப் போய்விட்டது என்று அமெரிக்கத் தொழில் ஏடுகள் எழுதின. ஆக, நாட்டுக்கு நாடு என்று மட்டும் இந்தக் குறையைப் பார்த்தால் பாதிதான் புரியும்.

இசையில் பாத்திரங்கள் இடம் மாறுகின்றன. அங்கே முதலாளி கொரியா. ஹைப் நிறுவனம் யுனிவர்சலின் கெஃபன் பிரிவோடு சேர்ந்து, கொரியப் பயிற்சி முறையில், லாஸ் ஏஞ்சலஸில் வளர்த்தெடுத்த குழு கேட்ஸ்ஐ. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த லாரா ராஜ் நெற்றியில் பொட்டோடு அதில் பாடுகிறார். பல ஊர் முகங்களை அவரவர் அடையாளத்தோடு ஒரே மேடையில் நிறுத்தியது இந்த முறையின் சாதனை என்றே சொல்வேன். ஆனால் அவர்களைப் பற்றி 2024இல் வந்த ஆவணத் தொடரில், தாங்கள் பொதுமக்கள் வாக்களித்து வெளியேற்றும் போட்டியில் இறக்கப்படப் போகிறோம் என்று பயிற்சிப் பெண்கள் தாமதமாகத் தெரிந்துகொண்டு கொதிக்கும் காட்சிகளும் இருக்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில், கொரியாவின் ஜேஒய்பியும் அமெரிக்காவின் ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து அமைத்த இன்னொரு குழுவின் இளம் பாடகி ஒருவர் பணிச்சூழலைக் குற்றம்சாட்டிக் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தார், நிறுவனம் மறுத்தது. சியோலில் பழக்கம் என்ற பெயரில் நடந்துகொண்டிருந்தது, சிறார் உழைப்புச் சட்டம் கடுமையாக இருக்கும் ஊருக்குப் போனதும் நீதிமன்றக் கேள்வி ஆகிறது. இது கூட்டின் எதிர்பாராத நன்மை.

சொந்த ஊரில் ஆன விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். தளத்தின் பணம் நடிகர் சம்பளத்தையும் ஒரு பாகத்துக்கான செலவையும் ஏற்றிவிட, உள்ளூர் அலைவரிசைகள் தொடர்களைக் குறைத்துக்கொண்டன. 2019இல் 22 கோடியைத் தாண்டிய அரங்கப் பார்வையாளர் எண்ணிக்கை 2024இல் 12 கோடி சொச்சம். பெருந்தொற்றும் டிக்கெட் விலையும் இதில் பங்காளிகள்; பழி முழுவதையும் நெட்ஃபிளிக்ஸ் தலையில் கட்ட முடியாது.

வேறு வழி உண்டா என்றால், ஏஸ்டோரி என்ற தயாரிப்பு நிறுவனத்தைப் பார்க்க வேண்டும். ‘கிங்டம்’ எடுத்துக் கொடுத்து உரிமை கைவிட்டுப் போன அனுபவம் அதற்கு உண்டு. ‘எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ’ தொடரை நெட்ஃபிளிக்ஸின் சொந்தப் படைப்பாக எழுதிக் கொடுக்காமல், ஈஎன்ஏ என்ற பெயர் தெரியாத கேபிள் அலைவரிசையில் 2022இல் ஒளிபரப்பி, உலகத் திரையிடலை மட்டும் நெட்ஃபிளிக்ஸுக்குக் கொடுத்தது. முதல் பாகத்தின் பார்வையாளர் விழுக்காடு 0.9, பதினாறாவதில் 17.5. கதையும் பாத்திரங்களும் அதன் கையிலேயே இருந்தன. ஆனால் இதைச் செய்ய நஷ்டம் தாங்கும் முதல் வேண்டும். மடிக்கணினியை விற்றவரால் முடியாது.

அந்த இடைவெளியைச் சட்டத்தால்தான் அடைக்க முடியும். 2023இல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து, முதல் 90 நாளில் உள்நாட்டுச் சந்தாதாரரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பார்க்கப்படும் தொடர்களுக்குக் கூடுதல் தொகை என்ற விதியை இதே தளங்களிடமிருந்து வாங்கியது. கொரியத் தொடரை எழுதுகிறவருக்கு அந்த விதி பொருந்தாது. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் நெட்ஃபிளிக்ஸ் நான்காண்டுகளில் 250 கோடி டாலரைக் கொரியாவில் போடுவதாக வாஷிங்டனில் அப்போதைய அதிபர் யூன் சுக்-இயோலிடம் உறுதி தந்தது. அந்தத் தொகையை வாங்கும்போது இப்படி ஒரு நிபந்தனையைக் கொரிய அரசு கேட்டிருக்கலாம். கொரிய இயக்குநர் சங்கம், ‘ஸ்குவிட் கேம்’ அனுபவத்துக்குப் பின், படைப்பாளிக்கு விகிதப் பங்கு கிடைக்கும்படி பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தக் கேட்டது. அதை எதிர்த்து நின்றவர்களில் முன்வரிசையில் இருந்தவை கொரியாவின் சொந்த ஒளிபரப்பு நிறுவனங்கள்.