யாருக்குப் பொது?

பொதுப்பணம் என்கிற சொல்லின் அர்த்தத்தை நாம் கிணற்றடியில்தான் கற்றோம். அரசுப் பணத்தில் வெட்டிய கிணறு, குளம் எல்லாம் தீண்டப்படாதாருக்கும் உரியவை என்று 1923இல் பம்பாய்ச் சட்டசபையில் எஸ்.கே.போலே தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் நமக்கும் உண்டு என்று 1924இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேற்ற வைத்தார் இரட்டைமலை சீனிவாசன். அதே 1924இல் மகாட் நகராட்சி தன் குளத்தைத் திறந்துவிட்டதாகக் காகிதத்தில் எழுதியது. ஆனால் 1927 மார்ச்சில் அம்பேத்கர் இறங்கி அள்ளிக் குடிக்கிற வரைக்கும் அந்தத் தண்ணீர் நம் கைக்கு வரவில்லை. காகிதத்தில் திறந்திருப்பது வேறு, கையில் கிடைப்பது வேறு.

இதே கணக்கை இன்று விஞ்ஞானிகளிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தீர்த்தமலைக்கு வடகிழக்கே, ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி 1986இல் அங்கே திறக்கப்பட்டது. மத்திய அரசுப் பணத்தில் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. இவ்வளவு பெரிய கருவியைக் கல்லூரிக்குக் கல்லூரி வாங்க முடியாது. அதனால் பொதுவில் ஒன்றைக் கட்டி, ராத்திரிகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஆய்வுத் திட்டம் எழுதிக் கொடுத்தால் குழு பரிசீலித்து இத்தனை ராத்திரி என்று ஒதுக்கும். நல்ல ஏற்பாடுதான். ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட சிறுகோளை 1988இல் கண்டுபிடித்ததும் காவலூரில்தான்.

'சோத்துக்கே வழியில்லாத ஊர்ல டெலஸ்கோப்பு எதுக்கு?' என்று கேட்பவர்கள் நம் தோழர்களிலேயே உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. நமக்குச் சோறு, அவர்களுக்கு வானம் என்று பிரிப்பது பழைய வருணப் பங்கீடுதான். வானமும் நமக்கு வேண்டும். வேடிக்கை பார்க்கப் போகிற உரிமை மட்டும் போதாது. ஒரு ராத்திரியைக் கேட்டு வாங்குகிற உரிமை வேண்டும்.

அந்த உரிமை எங்கே சிக்குகிறது? எங்கள் காலனிப் பையன் ஒருவன் அரசுக் கல்லூரியில் வேதியியல் ஆய்வு செய்தான். என்.எம்.ஆர். பார்க்க ஒரு பெரிய நிறுவனத்தின் பொதுக்கருவி மையத்துக்குச் சாம்பிள் அனுப்ப வேண்டும். படிவத்தில் வழிகாட்டியின் கையெழுத்து, துறைத்தலைவரின் முத்திரை, கட்டணம். கையெழுத்துக்கே ரெண்டு மாசம் நடந்தான். "கருவி எல்லாருக்கும் பொதுதாண்ணா, கையெழுத்துதான் அவங்களுது" என்றான். யாரும் அவனைச் சாதி சொல்லித் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

கையெழுத்துப் போடுகிற இடத்தில் யார் உட்காருவது என்பதைச் சட்டமே தீர்மானிக்கிறது. மத்தியக் கல்வி நிறுவன ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம் 2019இல் வந்தது. அதன் நான்காம் பிரிவு சில ஆய்வு நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கிறது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்புகளும் இருக்கின்றன. சென்னை கணித அறிவியல் நிறுவனமும் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையமும் அந்த உறுப்புகளில் சேர்ந்தவை. நடப்பது அரசுப் பணத்தில், வாத்தியார் வேலையில் மட்டும் நம் பங்குக்கு விலக்கு. உயர்ந்த ஆராய்ச்சிக்குத் 'தகுதி' வேண்டுமாம். கிணற்றடியில் 'சுத்தம்' என்று சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டார்கள். ஐந்து ஆண்டுக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். அதில் 36,000 கோடி அரசுக்கு வெளியிலிருந்து வருமாம். கம்பெனிப் பணம் வருகிற இடத்தில் பொது என்கிற பேச்சு இன்னும் மெலியும். இப்போதே பேசியாக வேண்டும்.

பொதுப்பணத்தில் ஓடும் ஒவ்வொரு கருவியையும் எந்தக் கல்லூரி, எந்தச் சமூகத்தவர், எத்தனை மணிநேரம் பயன்படுத்தினார்கள் என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். அரசுக் கல்லூரியில் படிக்கிற தலித், பழங்குடி மாணவர்களுக்குக் கட்டணமும் பயணச்செலவும் அரசே தர வேண்டும். வழிகாட்டி இழுத்தடித்தால் மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க வழி வேண்டும். 2019 சட்டத்தின் நான்காம் பிரிவு நீக்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களே, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள்: போன வருஷம் அந்த ராத்திரிகள் யார் யாருக்குப் போயின?