பெயருள்ளவர்களின் பிராக்

அண்மையில் ஓர் இலக்கியக் கூட்டத்தில், பிராக் போய்வந்த நண்பர் ஒருவர், அந்த நகரமே காஃப்கா எழுதிய ஒரு நாவல்தான் என்று பேசி முடித்தார். நல்ல கைதட்டல். இருபது வருஷமாக இதே வாக்கியத்தைப் பல வடிவங்களில் படித்துவருகிறேன். பிராக் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக் கட்டுரைகளில் மூடுபனி வரும், சார்லஸ் பாலம் வரும், மேலே கோட்டை வரும், உடனே காஃப்கா வந்துவிடுவார். அத்தோடு அந்த நகரத்தின் இலக்கியம் முடிந்துபோகிறது. இது தவறு என்பது ஒருபுறம் இருக்க, பெரிய அநியாயம் என்றும் எனக்குப் படுகிறது.

காஃப்காவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஏ. வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராகக் கொண்டுவந்த ‘விசாரணை’யைப் படித்து வளர்ந்த தலைமுறை என்னுடையது. கோட்டைக்குள் இருக்கும் தங்கச் சந்தின் 22ஆம் எண் வீட்டில், 1916–17 குளிர்காலத்தில், தங்கை ஒட்லா பிடித்துக்கொடுத்த அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து அவர் எழுதினார். இன்று அதன் வாசலில் வரிசை நிற்கிறது. 2014இல் டேவிட் செர்னி செய்துவைத்த காஃப்காவின் உலோகத் தலை, 42 அடுக்குகளும் தனித்தனியே சுழல, ஒரு வணிக வளாகத்தின் முன்னால் கலைந்து கூடிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் காஃப்கா எழுதிய மொழியைப் பேசியவர்கள் அன்றைய பிராகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிச்சப்பேர் செக் மொழியில் வாழ்ந்தார்கள், சண்டை போட்டார்கள், எழுதினார்கள். அதோடு ‘விசாரணை’யில் அந்த நகரத்துக்குப் பெயரே கிடையாது. நாயகனுக்கும் பாதிப் பெயர்தான். பெயர்களை உதிர்த்துவிட்டதுதான் காஃப்காவின் மேதைமை. உலகத்தில் எந்த ஊர்க்காரனும் அதில் தன் ஊரைப் பார்க்க முடிவது அதனால்தான். அப்படிப்பட்ட நாவலைப் பிராகின் சொத்தாக்குவது காஃப்காவுக்கும் பொருந்தாது, பிராகுக்கும் பொருந்தாது. செக் உரைநடை போன வழி இதற்கு நேர் எதிரானது. அது பெயர்களை இறுகப் பிடித்துக்கொண்ட இலக்கியம்.

தொடக்கம் யான் நெருடா. (சிலியின் பாப்லோ நெருடா தன் புனைபெயரை இவரிடமிருந்து எடுத்தார் என்பார்கள். நம்மில் பலருக்கு இவரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவே.) கோட்டைக்கு ஏறும் தெரு இன்று அவர் பெயரில் இருக்கிறது. வீடுகளுக்கு எண் வருவதற்கு முன் அடையாளமாக இருந்த சின்னங்கள் இன்னும் அங்கே வாசல்களுக்கு மேல் உண்டு. இரண்டு சூரியன் போட்ட வீட்டில் நெருடா வளர்ந்தார். 1878இல் வந்த அவருடைய மாலா ஸ்த்ரானா பேட்டைக் கதைகளில் வோரெல் என்ற வெளியூர்க்காரன் அந்தத் தெருவில் மாவுக்கடை திறக்கிறான். அதுவரை மாவுக்கடையே இல்லாத தெரு அது. ஒருவரும் வாங்க வருவதில்லை. வேலையில்லாமல் கடையில் உட்கார்ந்து புகைபிடிக்கிறான். முதலில் வாங்கிய பெண், ரவையில் புகை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு சொல் போதும். கடைசியில் கதவை உடைத்து உள்ளே போகிறவர்கள், தூக்கில் தொங்கும் வோரெலைப் பார்க்கிறார்கள். அவன் பையிலிருந்து எடுத்த வெள்ளைக்கல் புகைக்குழாய் எவ்வளவு அழகாகப் பழுப்பேறியிருக்கிறது என்று அதிகாரி வியக்கிறார். ஒருவனைக் காரணமின்றிக் கொன்றது எந்த மர்ம நீதிமன்றமும் இல்லை. எதிர்வீட்டார், பக்கத்துவீட்டார். அவர்களுக்குப் பெயர் உண்டு, கதவு உண்டு, கதவுக்கு மேல் சின்னமும் உண்டு.

அடுத்து யாரோஸ்லாவ் ஹாஷெக். காஃப்கா பிறந்த அதே 1883, அதே பிராக். அவருடைய ‘ஷ்வெய்க்’ நாவல் எல்லாரும் அறிந்தது என்பதால் ஒரே காட்சியோடு நகர்கிறேன். கலிச் பீர்க்கடையின் முதலாளி பாலிவெட்ஸ், சக்கரவர்த்தி படத்தின் மேல் ஈக்கள் எச்சமிட்டதால் கழற்றிப் பரணில் போட்டேன் என்கிறான். மஃப்டியில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் பிரெட்ஷ்னைடருக்கு அது போதும். பாலிவெட்ஸுக்குப் பத்து வருஷம். அதிகாரம் இங்கே மேலே ஒரு கோட்டையில் இல்லை. பக்கத்து மேசையில் பீர் குடித்துக்கொண்டு இருக்கிறது.

‘ரோபோ’ என்ற சொல்லை உலகத்துக்குத் தந்த கரேல் சாப்பெக், 1984இல் நோபல் வாங்கிய கவிஞர் செய்ஃபெர்ட் ஆகியோரை இங்கே தாண்டிப் போகிறேன். அவர்கள் அருமை குறைந்தவர்கள் என்பதால் இல்லை. எனக்கு அவசரமாகப் பேச வேண்டியவர் போஹுமில் ஹ்ரபால்.

சட்டம் படித்தவர். போர்க்காலத்தில் ரயில்நிலையத்தில் வேலை, பிறகு கிளாட்னோ இரும்பாலை, அங்கே விபத்தில் அடிபட்டு, 1954 முதல் ஸ்பாலெனா தெருவில் பழைய காகிதத்தைக் கட்டுக்கட்டாக அமுக்கும் கிடங்கு. முதல் கதைத் தொகுதி 1963இல், ஐம்பதை நெருங்கும் வயதில். பீர்க்கடையில் வாய் ஓயாமல் பேசுகிறவர்களின் பேச்சைத்தான் அவர் உரைநடையாக்கினார். மூச்சு விடாமல் பேசுகிற ஒரு கிழவரின் பேச்சாக ஒரே வாக்கியத்தில் ஒரு முழு நாவலையே எழுதினார். அவர் ரயில்நிலைய நாவலிலிருந்து யிரி மென்சல் எடுத்த படம் 1968இல் ஆஸ்கார் வாங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தன. 1970இல், அச்சாகிக் கட்டப்பட்டிருந்த ஹ்ரபாலின் புத்தகங்கள் அழிக்கப்பட்டன. புத்தகங்களை அமுக்கிச் சம்பளம் வாங்கியவருக்கு இது நேர்ந்தது.

அதிலிருந்துதான் 1976இல் எழுதப்பட்டுக் கள்ளப் பிரதிகளாகக் கைமாறிய ‘மிக இரைச்சலான தனிமை’ பிறந்தது. ஹாஞ்ச்யா முப்பத்தைந்து வருஷமாக நிலவறையில் காகிதம் அமுக்குகிறான். ஒவ்வொரு கட்டின் நடுவிலும் ஒரு நல்ல புத்தகத்தைத் திறந்தபடி வைக்கிறான். பக்கங்களில் பெரிய ஓவியர்களின் அச்சுப்படங்களைச் சுற்றுகிறான். எலிகளும் குடம் குடமாகப் பீரும் துணை. பூப்னியில் வந்த புதிய ராட்சத இயந்திரத்தில் கையுறை போட்ட இளைஞர்கள், எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்க்காமல், பால் குடித்துக்கொண்டே வேலை செய்வதைப் பார்த்ததும் அவன் உலகம் இடிந்துவிடுகிறது. கெஸ்டபோ கொண்டுபோன ஒரு ஜிப்சிப் பெண்ணின் நினைவு நாவல் முழுக்க அவனை விடுவதில்லை. அவள் பெயர் மட்டும் நினைவுக்கு வருவதில்லை. தன் இயந்திரத்துக்குள் தானே இறங்கும் கடைசிக் கணத்தில் வந்துவிடுகிறது: இலோன்கா. இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட மிகச் சிறந்த முடிவுகளில் அது ஒன்று என்று தயக்கமின்றிச் சொல்வேன்.

ஹ்ரபால் வீரர் இல்லை. 1975இல் அரசுக்கு இணக்கமாக ஒரு பேட்டி கொடுத்தார். கொதித்துப்போன இளைஞர்கள் கம்பா தீவில் அவர் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். இரண்டு பக்க வலியும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த ஊரில் இருந்து, அந்தக் கூட்டத்துக்குள் உட்கார்ந்து எழுதியவர் அவர். 1975இல் பிரான்சுக்குப் போன மிலன் குந்தேராவின் பிராகில் மனிதர்கள் கருத்துகளுக்கு உதாரணமாக நடமாடுகிறார்கள். புத்திசாலித்தனத்துக்குக் குறைவில்லை, ஆனால் ஒரு கடைக்காரரின் குரல்கூட நம் காதில் தங்குவதில்லை. தமிழில் குந்தேராவைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம், ஹ்ரபாலைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் மனசு கனக்கிறது.

அவரைவிடவும் கேட்பாரற்றவர் யிரி வைல். ஸ்டாலின் காலத்து மாஸ்கோவைக் கண்ணால் பார்த்து 1937இலேயே நாவல் எழுதி, இடதுசாரித் தோழர்களின் பகையைச் சம்பாதித்த யூதர். 1942இல் முகாமுக்குப் புறப்படும்படி உத்தரவு வந்தபோது, ஆற்றில் குதித்துச் செத்ததுபோல் காட்டிவிட்டுப் போர் முடியும்வரை ஒளிந்து வாழ்ந்தார். 1949இல் வந்த ‘நட்சத்திரத்தோடு வாழ்க்கை’யைப் புதிய கம்யூனிஸ்ட் ஆட்சி ஏற்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டு, 1960இல் வெளிவந்தது ‘கூரை மேல் மெண்டல்சன்’. ருடோல்ஃபினம் இசையரங்கின் கூரையில் இசைமேதைகளின் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. யூதரான மெண்டல்சனின் சிலையை இறக்கச் சொல்லி நாஜி உத்தரவு. கயிற்றோடு மேலே ஏறிய கூலியாட்களுக்கு எது மெண்டல்சன் என்று தெரியவில்லை. சிலைகளின் கீழ் பெயர் பொறித்திருக்கவில்லை. எதற்கு மூக்கு பெரிசோ அதுதான் யூதன் என்று ஆணை. பெரிய மூக்கு வாக்னருடையது, ஹிட்லரின் ஆராதனைக்குரிய அதே வாக்னர். கயிறு அவர் கழுத்தில் விழுந்துவிடுகிறது. வாசகருக்குச் சிரிப்பு வரும் அதே பக்கத்திலிருந்து நாவல் குழந்தைகளின் சாவை நோக்கி நகரத் தொடங்குகிறது.

தமிழுக்கும் பிராகுக்கும் ஓர் உறவு உண்டு. கமில் சுவெலபில் 1927இல் பிறந்தது அங்கேதான். சங்கப் பாடல்களை நேரடியாகத் தமிழில் படித்து உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர், 1968க்குப் பிறகு தன் ஊரைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. சார்லஸ் பல்கலைக்கழகத்தில் யாரோஸ்லாவ் வாசெக் தமிழ்ப் படிப்பைத் தொடர்ந்தார். அவர்கள் நம் மொழியைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். நாம் இன்றும் அவர்களுடைய எழுத்தாளர்களை ஆங்கிலத்தின் வழியே, ஆங்கிலம் தேர்ந்துகொடுத்த வரிசையிலேயே படிக்கிறோம். காஃப்காவை ஜெர்மனிலிருந்து கொண்டுவர ஒருவர் கிடைத்ததுபோல, நெருடாவையும் ஹ்ரபாலையும் வைலையும் செக் மொழியிலிருந்து கொண்டுவரும் ஒருவரைப் பல்கலைக்கழகங்களும் பதிப்பாளர்களும் சேர்ந்து உருவாக்க வேண்டும். நான் கேட்பது இதைத்தான்.

பிராக் போகிறவர்கள் தங்கச் சந்துக்குப் போகட்டும். பிறகு ஆற்றைக் கடந்து யூதப் பேட்டைக்கு வந்து பின்காஸ் ஜெபக்கூடத்துக்குள் நுழையட்டும். போருக்குப் பிறகு வைல் வேலை பார்த்த யூத அருங்காட்சியகத்தைச் சேர்ந்த கட்டடம் அது. உள்சுவர்கள் முழுக்கக் கையால் எழுதிய பெயர்கள். குடும்பப் பெயர் சிவப்பில், ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த தேதியும் கடைசியாக உயிரோடு இருந்ததாகத் தெரிந்த தேதியும் கறுப்பில். பொஹீமியாவிலும் மொராவியாவிலும் இருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட, கிட்டத்தட்ட 78,000 பேர். 1958இல் வைல் எழுதிய சின்ன இரங்கற்பா உரைநடையின் தலைப்பிலேயே அந்த எண்ணிக்கை இருக்கிறது: 77,297. பக்கத்தில் நின்று பார்த்தால் பெயர்களுக்கு நடுவே இடைவெளியே இல்லை. 1968க்குப் பிறகு, நிலத்தடி ஈரம் ஏறிவிட்டது என்று சொல்லிக் கூடத்தைப் பூட்டினார்கள். பூட்டியிருந்த வருஷங்களில் பெயர்கள் அழிந்துபோயின. ஆட்சி மாறிய பிறகு, 1992இலிருந்து 1996வரை, ஆட்கள் தூரிகையோடு சுவரின் முன்னால் உட்கார்ந்து அத்தனை பெயரையும் முதலிலிருந்து மறுபடி எழுதினார்கள்.